அச்சமும் அடையாளமும்: ஆங்கிலேயர் தம்மைக் கண்டுகொண்ட விதம்



2024 ஜூலை 29. இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் சௌத்போர்ட் என்று ஓர் ஊர். பள்ளி விடுமுறையில் நடன வகுப்புக்கு வந்திருந்த சிறுமிகளை ஒருவன் கத்தியால் குத்தினான். மூன்று சிறுமிகள் இறந்துபோனார்கள். குத்தியவன் படகேறி வந்த அகதி, அவன் ஒரு முஸ்லிம் என்று சில மணி நேரத்தில் கைப்பேசிகளில் செய்தி பரவியது. மறுநாள் மாலை அந்த ஊர்ப் பள்ளிவாசலை ஒரு கூட்டம் கல்லெறிந்து தாக்கியது. ஒரு வாரத்துக்குள் கலவரம் ஊர் ஊராகப் பரவியது. ராதர்ஹம் அருகே அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே தீ வைத்தார்கள்.

பரவிய செய்தி பொய். குத்தியவன் பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில் பிறந்த 17 வயதுப் பையன். எந்தப் படகிலும் அவன் வரவில்லை.

அதே சௌத்போர்ட்டில், பள்ளிவாசல் தாக்கப்பட்ட மறுநாள் காலையில் உள்ளூர்க் கொத்தனார்கள் செங்கல்லும் கலவையுமாக வந்து நின்றார்கள். இடிந்த மதில் சுவரைக் கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தார்கள். கல்லெறிந்தவர்களும் ஆங்கிலேயர்கள், சுவர் கட்டியவர்களும் ஆங்கிலேயர்கள். இருவரையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் நான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பொய் இவ்வளவு வேகமாகப் பற்றிக்கொள்கிறது என்றால், அதற்கு முன்பே மண் காய்ந்து கிடந்திருக்க வேண்டும். அது எப்படிக் காய்ந்தது என்பதே இன்றைய என் பொருள். நான் சொல்ல வருவது இது: ஆங்கிலேயர் பல நூற்றாண்டுகளாகத் தம்மைத் தம் எதிரியைக் கொண்டே அடையாளம் கண்டுவந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த ஆபத்துகளில் சில உண்மையானவை, பல கற்பனை. அந்த நாட்டுக்குத் தீராத களங்கம் சேர்த்தவை பெரும்பாலும் கற்பனை ஆபத்துகளே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் இங்கிலாந்து, பிரிட்டன் இரண்டையும் ஒன்றாகவே வழங்குகிறோம். பிரிட்டன் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தது. வட அயர்லாந்தும் சேர்ந்தால் ஐக்கிய ராஜ்யம். அதன் மக்களில் நூற்றுக்கு 84 பேர் இங்கிலாந்தில் வாழ்கிறவர்கள். இன்று நான் பேசுவது இங்கிலாந்தைப் பற்றி.

அந்த நாடு பிறந்ததே ஓர் ஆபத்தின் நடுவில். 9-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்து வைக்கிங்குகள் படையெடுத்து வந்தார்கள். தனித்தனி அரசுகளாகக் கிடந்த ஆங்கிலோ-சாக்சன் நிலத்தில் வெஸெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரட் 878-இல் எடிங்டன் போரில் அவர்களை முறியடித்தார். அவருடைய பேரன் ஆதல்ஸ்டன் 927-இல் இங்கிலாந்து முழுவதற்கும் மன்னரானார். இவர்களும் பழங்குடிகள் அல்லர். ஆல்ஃபிரடின் முன்னோர் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஜெர்மானியக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள். முன்னால் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களுக்கு எதிராக ஒன்றுகூடிய இடத்தில்தான் இங்கிலாந்து என்ற நாடு உருவானது.

1002 நவம்பர் 13 அன்று மன்னர் எதல்ரெட், தம் நாட்டிலுள்ள டேனியர்களைக் கொல்ல ஆணையிட்டார். ஆக்ஸ்போர்டில் உயிருக்குப் பயந்து தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்த டேனியர்களைத் தேவாலயத்தோடு சேர்த்து எரித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே மன்னர் கொடுத்த சாசனத்திலேயே இந்தச் செய்தி இருக்கிறது. அதனால் நாடு பாதுகாப்படைந்ததா? 1016-இல் கனூட் என்ற டேனியர் இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்தார். அவரை நல்ல மன்னர் என்றே அவர்கள் வரலாறு இன்றும் சொல்கிறது.

அடுத்து வருவது மதம். 1534-இல் எட்டாம் ஹென்றி ரோமாபுரியின் கத்தோலிக்கத் திருச்சபையோடு உறவை முறித்தார். 1570-இல் போப் ஐந்தாம் பயஸ், அரசி எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று அறிவித்தார். 1588-இல் ஸ்பெயின் சுமார் 130 கப்பல்களோடு அர்மாடா என்ற படையை அனுப்பியது. இந்த ஆபத்து உண்மையானது, இதில் ஐயமே இல்லை. தேம்ஸ் நதி முகத்தில் டில்பரி என்ற இடத்தில் அரசி படைவீரர் நடுவே வந்து பேசினார். இங்கிலாந்தின் தேசியக் கதையில் அதைவிடப் புகழ்பெற்ற காட்சி குறைவு. அவர் பேசிய நாளில் அர்மாடா ஏற்கெனவே கடலில் அடிபட்டு வடக்கு நோக்கி விலகிப் போய்க்கொண்டிருந்தது. டில்பரி என்ற பெயரை நினைவில் வையுங்கள், அதற்கு மறுபடி வருவோம்.

ஆபத்து போனது, அச்சம் போகவில்லை. 1605-இல் சில கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்து பிடிபட்டார்கள். அதுவும் உண்மைச் சதிதான். ஆனால் அதன் பழி, சதியில் எந்தப் பங்கும் இல்லாத அத்தனை கத்தோலிக்கக் குடும்பங்கள் மேலும் விழுந்தது. நவம்பர் 5-ஆம் நாள் நன்றி வழிபாடு நடத்த வேண்டும் என்று போட்ட சட்டம் 1859 வரை, இரண்டரை நூற்றாண்டு, நடைமுறையில் இருந்தது.

அந்த அச்சம் ஒரு தனி மனிதனை என்ன செய்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1666 செப்டம்பரில் லண்டன் மாநகரம் நான்கு நாள் எரிந்தது. 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள், 87 தேவாலயங்கள் சாம்பலாயின. தீ கிளம்பிய இடம் புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக் கடை. இது அந்நியர் சதி என்று சந்தேகித்து, தெருவில் அகப்பட்ட பிரெஞ்சுக்காரர்களையும் டச்சுக்காரர்களையும் கூட்டம் அடித்தது. ராபர்ட் ஹூபர்ட் என்ற பிரெஞ்சு இளைஞர், கடிகாரம் செய்பவரின் மகன், தீ வைத்தது நானே என்று ஒப்புக்கொண்டார். ஜன்னல் வழியாக எரிகுண்டு போட்டேன் என்றார். அந்த வீட்டில் அப்படி ஒரு ஜன்னலே இல்லை என்று கடைக்காரர் சொன்னார். ஹூபர்ட் புத்தி சரியில்லாதவர் என்று விசாரித்தவர்களுக்கே தோன்றியது. ஆனாலும் குற்றச்சாட்டுப் பத்திரத்தில் ரொட்டிக் கடைக்காரர் குடும்பத்தினரே கையெழுத்திட்டார்கள். அக்டோபரில் அவரை டைபர்னில் தூக்கிலிட்டார்கள். பிறகு, அவரை ஏற்றி வந்த கப்பல் தலைவர் உண்மையைச் சொன்னார்: தீப்பிடித்து இரண்டு நாள் கழித்துத்தான் ஹூபர்ட் லண்டனில் கால் வைத்தார்.

தீயின் நினைவாக எழுப்பிய தூண் இன்றும் நிற்கிறது, 202 அடி உயரம். நகரை எரித்தவர்கள் கத்தோலிக்கர்கள் என்று 1681-இல் அதன் அடியில் வரி சேர்த்துச் செதுக்கினார்கள். கத்தோலிக்கர்கள் நாடாளுமன்ற உறுப்பினராகலாம் என்று 1829-இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அந்த வரியைச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு பொய் கல்லில் ஏற 15 ஆண்டு போதுமாயிருந்தது. அது கல்லிலிருந்து இறங்க ஏறத்தாழ 150 ஆண்டு பிடித்தது.

இப்போது வேறொரு நவம்பர் 5-ஐப் பாருங்கள். 1688. டச்சு இளவரசர் வில்லியம், அர்மாடாவைவிட மிகப் பெரிய கப்பற்படையோடு டார்பே வளைகுடாவில் இறங்கினார். அந்நியப் படை இங்கிலாந்து மண்ணில் இறங்கி, லண்டன் வரை நடந்து சென்று, ஆட்சியை மாற்றியது. இதைப் படையெடுப்பு என்று அவர்கள் பள்ளிப் புத்தகம் சொன்னதில்லை, மகத்தான புரட்சி என்றே சொன்னது. காரணம், வில்லியம் புரொட்டஸ்டண்ட். அவரை அழைத்தவர்களும் அந்நாட்டுப் பெரிய மனிதர்களே. யார் அந்நியன், யார் நம்மவன் என்பதைக் கடல் தீர்மானித்ததே இல்லை. அந்தந்தக் காலத்தில் அதிகாரத்தில் இருந்தவர்களின் தேவையே அதைத் தீர்மானித்தது.

வரலாற்றாசிரியர் லிண்டா காலி 1992-இல் வெளியிட்ட ‘பிரிட்டன்ஸ்’ என்ற நூலில், எதிரியைக் கொண்டு அடையாளம் உருவான விதத்தை விரிவாக நிறுவியிருக்கிறார். 1707 முதல் 1837 வரை ஸ்காட்லாந்துக்காரரையும் வேல்ஸ்காரரையும் ஆங்கிலேயரையும் ஒன்றாகக் கட்டியவை புரொட்டஸ்டண்ட் மதமும் பிரான்சோடு நடந்த தொடர் போர்களுமே என்பது அவர் முடிவு.

அதே பிரான்சிலிருந்துதான் ஹ்யூகநாட் என்ற புரொட்டஸ்டண்ட் அகதிகள் வந்தார்கள். 1685-இல் பதினான்காம் லூயி அவர்களுடைய மத உரிமையைப் பறித்த பின் சுமார் 50,000 பேர் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார்கள். கிழக்கு லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டு நெசவு அவர்கள் கையில் செழித்தது. நம் வேலையைப் பறிக்கிறார்கள், கூலியைக் குறைக்கிறார்கள் என்ற புகார் அன்றும் எழுந்தது.

அங்கே பிரிக் லேன் தெருவில் ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. 1743-இல் ஹ்யூகநாட்டுகள் தேவாலயமாகக் கட்டியது. 1819-இல் அது மெதடிஸ்ட் சபையின் கையில் போனது. ரஷ்யப் பேரரசின் கொடுமையிலிருந்து தப்பி வந்த யூதர்கள் 1898-இல் அதைத் தங்கள் ஜெபாலயமாக்கினார்கள். 1976 முதல் அது வங்காள தேச முஸ்லிம்களின் பள்ளிவாசல். சுவரில் முதல் குடியினர் வைத்த சூரியக் கடிகாரம், 1743 என்ற ஆண்டோடு, இன்றும் அப்படியே இருக்கிறது. அந்த நான்கு கூட்டத்தாரில் மூன்று கூட்டத்தார் தஞ்சமோ பிழைப்போ தேடி வந்தவர்கள். மூவரையும் இங்கிலாந்தை விழுங்க வந்தவர்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்து விழுங்கப்படவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டன் உலகிலேயே வலிமையான பேரரசு. நம் நாடும் அதன் காலடியில் கிடந்தது. ஆனால் வலிமை அச்சத்தைப் போக்கவில்லை. 1871-இல் ஜார்ஜ் செஸ்னி என்ற ராணுவ அதிகாரி, ஜெர்மானியப் படை இங்கிலாந்தைப் பிடிப்பதாக ‘டார்க்கிங் போர்’ என்ற கதை எழுதினார். அவர் வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றியவர். பிறர் நாட்டை ஆண்டவருக்குத் தம் நாடு ஆளப்படுவது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வது எளிதாயிருந்தது போலும். 1882-இல் டோவர் அருகே பிரான்சை நோக்கிக் கடலடிச் சுரங்கம் ஒரு மைலுக்கும் மேல் தோண்டியாகிவிட்டது. அந்த வழியாக எதிரி வந்துவிடுவான் என்று தளபதி வுல்ஸ்லி போன்றவர்கள் எதிர்த்தார்கள், வேலை நின்றது. நூறாண்டுக்கும் பிறகு, 1994-இல்தான் அந்தக் கனவு நிறைவேறியது. எந்தப் படையும் அதன் வழியாக வரவில்லை.

அச்சம் அரசியலுக்கு மட்டும் பயன்படவில்லை, வியாபாரத்துக்கும் பயன்பட்டது. 1906-இல் ‘டெய்லி மெயில்’ நாளேடு, வில்லியம் லெ க்யூ எழுதிய ஜெர்மானியப் படையெடுப்புக் கதையைத் தொடராக வெளியிட்டது. எதிரிப் படை எந்த ஊர்கள் வழியாக வர வேண்டும் என்பதில் பத்திரிகை முதலாளியே தலையிட்டார். எங்கே வாங்குவோர் அதிகமோ அந்த ஊர்களைக் கதையில் எதிரி தாக்கினான். ஜெர்மானியச் சீருடையும் கூர்த்தொப்பியும் அணிந்த ஆட்களை லண்டன் தெருக்களில் விளம்பரத்துக்காக நடக்கவிட்டார்கள். இதற்கு ஓராண்டு முன்புதான், 1905-இல், கிழக்கு லண்டனுக்கு வந்த ஏழை யூதர்களை மனத்தில் வைத்து அந்நியர் சட்டம் வந்திருந்தது. அங்கே அமைதிக் காலத்தில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்திய முதல் நவீனச் சட்டம் அதுதான்.

1940-க்கு வருவோம். மறுபடியும் ஆபத்து உண்மையானது. டன்கர்க்கிலிருந்து 3,38,000 வீரர்களைக் கடல் வழியே மீட்ட அந்தக் கோடையில், ஹிட்லரின் படை ஆங்கிலக் கால்வாயின் மறுகரையில் நின்றது. அந்த நேரத்தில் ஆங்கிலேயர் காட்டிய மனவுறுதிக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. இதை எந்தத் தயக்கமும் இன்றிச் சொல்கிறேன். ஆனால் அதே கோடையில் ஜெர்மானிய, இத்தாலியக் குடிமக்கள் பல்லாயிரம் பேரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும் பகுதி ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்கள். அவர்களில் சிலரையும் இத்தாலியர்களையும் ஏற்றிக் கனடாவுக்குப் போன ‘அரண்டோரா ஸ்டார்’ கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

முகாமில் அடைக்கப்பட்டவர்களில் நிக்கோலஸ் பெவ்ஸ்னரும் ஒருவர். லைப்சிக் நகரில் பிறந்த கலை வரலாற்றாசிரியர். யூத வம்சம் என்பதால் 1933-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழக வேலையை இழந்து இங்கிலாந்து வந்தவர். அவரை லிவர்பூல் அருகே ஹைட்டன் முகாமில் எதிரி நாட்டவர் என்று அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டமாகப் போய், ஒவ்வொரு கிராமத் தேவாலயத்தையும் பழைய மாளிகையையும் பார்த்துக் குறிப்பெடுத்தார். பல பயணங்களில் அவர் மனைவி லோலாவே கார் ஓட்டினார். 1951 முதல் 1974 வரை 46 தொகுதிகளாக ‘இங்கிலாந்தின் கட்டடங்கள்’ என்ற நூல்வரிசை வெளிவந்தது. 1955-இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், ஆங்கிலக் கலையின் ஆங்கிலத்தன்மை. இன்று ஓர் ஆங்கிலேயர் தம் ஊர்த் தேவாலயத்தின் வயதை அறிய வேண்டுமானால், ஒரு காலத்தில் எதிரி என்று தம் நாடு அடைத்துவைத்த மனிதரின் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார். அடையாளத்தைக் காப்பது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

இனி டில்பரிக்கு வருவோம். எலிசபெத் பேசிய அந்த ஊரில், 1948 ஜூன் 22 அன்று, ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலிலிருந்து கரீபியத் தீவுகளின் மக்கள் பல நூறு பேர் இறங்கினார்கள். அவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள். அவர்களில் பலர் போரில் பிரிட்டனுக்காகப் பணியாற்றியவர்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் மருத்துவமனைகளிலும் பேருந்துகளிலும் ரயில்களிலும் உழைத்தார்கள். 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்ஹாமில் நாடாளுமன்ற உறுப்பினர் ஈனாக் பவல் பேசியபோது, இத்தகையோரை நாட்டின் அழிவாகச் சித்திரித்தார். அவருடைய கட்சித் தலைவர் ஹீத் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். ஆனால் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பவலுக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். 2018-இல் வெளிவந்த அநீதி இன்னும் கொடியது. சிறுவயதில் சட்டப்படி வந்து அங்கேயே முதுமையடைந்தவர்களிடம் ஆவணம் இல்லை என்று சொல்லி வேலையை, மருத்துவத்தைப் பறித்தார்கள், சிலரை நாடு கடத்தினார்கள். அவர்கள் வந்ததற்குச் சான்றான பழைய இறங்கு அட்டைகளை அரசே 2010-இல் அழித்திருந்தது.

நம்மவர் கதையும் இதில் உண்டு. 1987 பிப்ரவரியில் ஈழத்திலிருந்து தஞ்சம் கேட்டு வந்த தமிழர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஹீத்ரூ விமான நிலையத்திலிருந்து திருப்பியனுப்ப முயன்றார்கள். விமானத்தில் ஏற மறுத்து, தளத்திலேயே உடைகளைக் களைந்து நின்று போராடினார்கள். நீதிமன்றம் தலையிட்டது. சில வாரங்களில் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: விசா இல்லாதவரை ஏற்றிவரும் நிறுவனத்துக்கு ஒரு பயணிக்கு 1,000 பவுண்டு அபராதம். 2024-இல் ஈழ அகதிப் பெற்றோரின் மகள் உமா குமரன், கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட்-போ தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்.

நண்பர்களே, இவ்வளவு சொன்னதால் ஆங்கிலேயரின் மனக்குறை முழுவதும் கற்பனை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1999-இல் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றமும் வேல்ஸுக்குத் தனிப் பேரவையும் வந்தன. இங்கிலாந்துக்கு மட்டும் எதுவும் இல்லை. சுரங்கங்களும் ஆலைகளும் மூடிய வடபுல ஊர்களுக்கு அரசு முகம் கொடுக்கவில்லை. லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரில் சில ஆண்டுகளுக்குள் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் திரளாக வந்தபோது, வீட்டுக்கும் பள்ளிக்கும் மருத்துவருக்கும் அரசு கூடுதலாக எதுவும் ஒதுக்கவில்லை என்று மக்கள் குமுறினார்கள். 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக நாட்டிலேயே அதிக அளவில், 75.6 விழுக்காடு, வாக்களித்த ஊர் அது. அந்த மக்களை இனவெறியர் என்று ஒதுக்குவது அறிவுமல்ல, அறமுமல்ல.

ஆனால் அந்தக் குறை எந்தப் பக்கம் திருப்பப்பட்டது என்று பாருங்கள். 2022-இல் சிறு படகுகளில் கால்வாயைக் கடந்து வந்தவர்கள் 45,700-க்கும் மேற்பட்டோர். 2023-இன் முற்பாதியில் முடிந்த ஓராண்டுக் கணக்கில், வந்தவர்களிலிருந்து வெளியேறியவர்களைக் கழித்த நிகரக் குடியேற்றம் உச்சத்தைத் தொட்டு 9 லட்சத்தைத் தாண்டியது. இந்தக் குடியேற்றத்தில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாணவர்கள், செவிலியர்கள், முதியோர் காப்பகப் பணியாளர்கள் என அரசே விசா கொடுத்து அழைத்தவர்கள். விசா கொடுத்த அரசாங்கமே படகுகளைத் தடுப்போம் என்று முழங்கியது. மக்கள் கண்ணெல்லாம் படகின் மேல். வீடு கட்டாத அரசும் கூலி உயர்த்தாத முதலாளியும் அந்தப் படகின் மறைவில் தப்பித்தார்கள்.

அடையாளம் என்பது எவ்வளவு இளகியது என்பதற்கு இன்னொரு கணக்கு. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை ஆங்கிலேயர் என்று மட்டும் சொன்னவர்கள் 2011-இல் 57.7 விழுக்காடு, 2021-இல் 14.9 விழுக்காடு. பிரிட்டிஷ்காரர் என்று மட்டும் சொன்னவர்கள் சுமார் 19-லிருந்து 54.8 ஆக உயர்ந்தார்கள். பத்தாண்டில் ஒரு தேசமே மனம் மாறிவிட்டதா? இங்கிலாந்தில் கேள்வித்தாளில் முதலிடத்தில் இருந்த ஆங்கிலேயர் என்ற கட்டத்தை மாற்றி, பிரிட்டிஷ் என்பதை முதலில் வைத்தார்கள். மாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று கணக்கெடுத்த துறையே சொல்கிறது. இப்படி ஒரு கட்டத்தின் இடம் மாறினாலே இவ்வளவு அசையும் ஒன்றைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, ஆட்கள் தங்கியிருக்கும் கட்டடத்துக்குத் தீ வைப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். டேனியர், பிரெஞ்சுக்காரர், யூதர், கரீபியர், தமிழர் என்று வந்தவர்கள் யாராலும் இங்கிலாந்து தன் அடையாளத்தை இழக்கவில்லை. அதன் மொழியும் சட்டமும் நாடாளுமன்றமும் அவர்கள் வந்த பின்பும் வளர்ந்தே வந்திருக்கின்றன. ஆனால் ஹூபர்ட்டின் தூக்கு, அரண்டோரா ஸ்டார் பயணிகளின் சாவு, விண்ட்ரஷ் முதியவர்களின் கண்ணீர் ஆகிய மூன்றும் அந்த நாடு தன் அச்சத்தால் தனக்கே தேடிக்கொண்ட பழிகள். எதிரியைக் காட்டித் தன்னை அறியும் அடையாளம் எதிரி இல்லாமல் வாழாது. அதனால் ஒருவன் போனால் அடுத்தவனைத் தேடிக்கொண்டே இருக்கும்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாட்டுக்கு வெளியிலிருந்து ஆபத்து என்று யாராவது சொன்னால், எந்த நாடானாலும், உடனே நம்பவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். சான்று என்ன என்று கேளுங்கள். இந்த அச்சத்தால் இலாபம் அடைகிறவர் யார் என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் விடை வரும்வரை யார் மேலும் கை வைக்க அனுமதிக்காதீர்கள்.